செருப்புத் தோலும் தொப்பூர் இறக்கமும்

போன மாசம் பைக்குக்கு முன்சக்கர பிரேக் பேடு மாத்தற நேரம் வந்துச்சு. வண்டியோட வந்த கம்பெனி பேடு போதும்தான். ஆனா கொல்லிமலைக்கு அடிக்கடி போறவன் நான். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது 30-க்கு மேல போனா லீவர் லேசா சொதசொதன்னு ஆகும், கருகின வாசனை வரும். அதனால ரேஸ்ல போடற மாதிரி 'பர்ஃபார்மன்ஸ்' பேடு வாங்கிடலாம்னு முடிவு பண்ணி ஒரு வாரமா அதே ஆராய்ச்சி. ஆபீஸ்ல வேலை பாத்தேனான்னு கேக்காதீங்க :-)

நாமக்கல்ல லாரி ஓட்டி ரிட்டயர் ஆன எங்க மாமாகிட்ட பெருமையா சொன்னேன். அவரு கேட்ட ஒரே கேள்வி: "ஏண்டா கண்ணு, மலை எறங்கறப்ப எந்த கியர்ல வர்றே?"

பதில் சொல்லாம மழுப்பிட்டேன். அந்தக் கேள்விக்குப் பின்னால இருந்த கதை அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம்.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில கார்ல் பென்ஸ் காரைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தார், வாங்கத்தான் ஆள் இல்லை. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவர்கிட்ட சொல்லாமலே ரெண்டு பையன்களையும் ஏத்திக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிக்கிட்டுப் போனார். வழியில இறக்கங்கள்ல மரத்தாலான பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. அந்தம்மா ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடிச்சு கட்டை மேல தோல் வச்சு ஆணி அடிக்கச் சொன்னாங்க. உலகத்தோட முதல் பிரேக் லைனிங் அதுதான்னு சொல்வாங்க. தேயற பாகம் தனி, தாங்கற பாகம் தனி. இன்னைக்கு நாம வாங்கற பேடும் இதே ஐடியாதான்.

இதுக்கு 9 வருஷம் கழிச்சு, 1897-ல, இங்கிலாந்தில டெர்பிஷயர் மலைப்பகுதியில ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தர். அங்க குதிரை வண்டிக்காரங்க சக்கரத்தோட பிரேக் கட்டையில பழைய பூட்ஸ் தோலை மாட்டி இறக்கம் இறங்கறதைப் பாத்தார். இதை ஒழுங்கா செஞ்சு வித்தா என்னன்னு யோசிச்சார். அவர் பேரோட எழுத்துக்களை மாத்திப் போட்டு, மனைவி எலிசபெத்தோட முதல் எழுத்தையும் சேர்த்ததுதான் 'ஃபெரோடோ'. பழைய மெக்கானிக்குகளைக் கேட்டா இந்தப் பேரைத் தெரியும்பாங்க.

(எங்க அப்பிச்சியோட கட்டை வண்டியிலயும் பிரேக் கட்டைக்கு மேல பழைய டயர்த் துண்டு ஆணி அடிச்சிருக்கும். அவருக்கு ஃப்ரூட்டையும் தெரியாது, பென்ஸையும் தெரியாது.)

தோல் கருகும், பருத்தி எரியும். சூட்டைத் தாங்க கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் வந்துச்சு. பல பத்தாண்டுகள் உலகத்தோட லாரி, கார் எல்லாம் அதுலதான் நின்னுச்சு. அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்தா பல வருஷம் கழிச்சு புற்றுநோயா வெளிய வரும். டிரம்மைக் கழட்டி காத்து அடிச்சு சுத்தம் பண்ண ஒர்க்‌ஷாப் பசங்களுக்கு இதை யார் சொன்னாங்க? இப்ப நல்ல கம்பெனிகள் கல்நார் இல்லாம செய்றாங்க. பேர் தெரியாத பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் சொல்லத் தெரியாது.

நம்ம பக்கம் வருவோம். 1962-ல சென்னையில பிரேக்ஸ் இந்தியா, 1964-ல ரானே பிரேக் லைனிங், 1974-ல பாடியில சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவோட பிரேக் தொழில்ல பெரிய பங்கு தமிழ்நாட்டுலதான். அந்தச் சரக்கைத் தேய்ச்சுத் தள்றதுல பெரிய பங்கு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. பாடி கட்டறது, கேஸ் டேங்கர், ரிக் வண்டின்னு எங்க ஊருல லாரி இல்லாத தெரு கிடையாது. லைனர் மாத்தற இடத்துல ரிவிட் அடிக்கிற சத்தம் கேட்டே நான் வளர்ந்தேன்.

இந்த வண்டிகள்ல பெங்களூர் பக்கம் போயிட்டு வர்றதெல்லாம் தர்மபுரி தாண்டி தொப்பூர்ல இறங்கியாகணும். 2020 டிசம்பர்ல இந்தக் கணவாய்ல ஒரு லாரி பல வண்டிகள் மேல மோதி நாலு பேர் இறந்தாங்க. அதுக்கு முன்னாடியும் நடந்துச்சு, பின்னாடியும் நடந்துச்சு. பேப்பர்ல எப்பவும் ஒரே வரி: பிரேக் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கலை? ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 2018-ல உயர்த்தின அளவுப்படி 10 சக்கர லாரியோட மொத்த எடை 28.5 டன். அது 100 மீட்டர் உயரம் இறங்கினா கிட்டத்தட்ட 280 லட்சம் ஜூல். அத்தனையும் பிரேக் வழியாவே போனா, 95 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. அது டிரம்முக்குள்ளதான் போய்ச் சேரும். சூட்டுல டிரம் விரியும், ஷூ எட்டாது. லைனிங்ல இருக்கிற பிசின் வெந்து உராய்வு விழுந்துடும். இதுதான் ஃபேடு. மிதி மிதின்னு மிதிச்சாலும் வண்டி நிக்காது. கியர்ல போட்டு எக்சாஸ்ட் பிரேக்கோட வந்தா இந்தப் பாரத்துல பெரும்பங்கை இஞ்சின் வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா எல்லாமே லைனர் தலையில.

லைனிங் ஓரத்துல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? முதல் எழுத்து சாதாரண நிலையில உராய்வு, ரெண்டாவது சூடான பிறகு. ஈ-ன்னா 0.25-ல இருந்து 0.35, எஃப்-னா 0.45 வரைக்கும், ஜி-ன்னா 0.55 வரைக்கும். முதல் எழுத்தைப் பாத்து மயங்கி வாங்கறவங்கதான் அதிகம். மலைக்கு ரெண்டாவது எழுத்துதான் முக்கியம். அசல் ரேஸ் பேடுல இன்னொரு தலைவலி, சூடேறினாத்தான் கடிக்கும். காலையில கடைவீதியில குறுக்க ஓடற ஆட்டுக்குட்டிக்கு முன்னாடி, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிற பேடு எதுக்கு?

இப்ப மாமா கதை. 90-கள்ல ஒரு ராத்திரி தொப்பூர்ல அவர் வண்டி பிரேக் பிடிக்காம ஓரத்து மண்மேட்டுல ஏறிச்சு. கிளீனர் பையனுக்கு ஒரு கால் போச்சு. மட்டமான லைனர் போட்டுட்டாங்கன்னுதான் எங்க வீட்டுல இத்தனை வருஷமும் பேச்சு. நானும் அதை நம்பித்தான் நல்ல பேடு தேடினேன்.

என் கணக்கை எல்லாம் கேட்டுட்டு மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். "லைனர் புதுசுடா. போட்டு பத்து நாள்தான் ஆச்சு. ட்ரிப்புக்கு இத்தனை டீசல்னு ஓனர் அளந்து குடுப்பார். மிச்சம் புடிச்சா எங்களுக்கு. நாந்தான் நியூட்ரல் போட்டேன்."

அத்தைக்கே தெரியாதாம். அந்தப் பையன் இப்ப ஊருல பெட்டிக்கடை வச்சிருக்காராம், மாமா மாசம் ஒரு தடவை போய்ட்டு வருவாராம். இன்னும் அவர்கிட்ட சொல்லலையாம்.

நான் கம்பெனி பேடையே வாங்கினேன். ரெண்டு எழுத்தும் எஃப். கூடவே பழைய பிரேக் ஆயிலை எடுத்துட்டு புதுசு ஊத்தினேன். சொதசொதப்புக்குப் பாதி காரணம் அதுதான், ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா சூட்டுல கொதிச்சு லீவர் உள்ள போகும். போன ஞாயித்துக்கிழமை மாமாவைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு கொல்லிமலை போனேன். இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் தோள்ல ஒரு தட்டு.

"ரெண்டுல போடு. ரெண்டுலயே வா."

கீழ காரவள்ளியில நிறுத்தி டிஸ்க் பக்கத்துல கையைக் கொண்டு போய்ப் பாத்தார். கருகின வாசனை இல்லை. டீ சொல்லிட்டு, "நாளைக்கு வெள்ளனா அந்தப் பெட்டிக்கடை வரைக்கும் போவோணும், வர்றியா?"ன்னு கேட்டார்.