மொஹினின் குதிரைகள்
(இருபது ஆண்டு காத்திருந்து வந்த ஓர் இசை வெற்றியின் வரலாறு)

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ராஷ்பிகாரி அவென்யூவின் டிராம் தண்டவாளத்தைக் கடவாத தமிழ்க் குடும்பம் நம்முள் ஒன்றேனும் இராது. நாம் பழகி நடக்கும் அந்தச் சாலையிலே, தேசப்பிரிய பூங்காவுக்கு அருகில், 1954ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஒருவர் டிராமில் அடிபட்டு வீழ்ந்தார். எட்டு நாட்களுக்குப் பின் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவரே ஜீவனானந்த தாஸ். தாகூருக்குப் பின் வங்கம் கண்ட பெருங்கவிஞருள் ஒருவர்.

அக்கவிஞருடைய கவிதை ஒன்று ஓர் இளைஞர் குழுவுக்குப் பெயர் தந்தது. மற்றொரு கவிதை, அக்குழுவுக்குப் புகழ் தேடித் தந்த இசைத்தொகுப்புக்குப் பெயராயிற்று. அவ்வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். சங்கீத ஞானம் நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வே அலுவலில் புகுந்தவர் நாம். எனினும் இவ்வரலாற்றில் நம் குடியிருப்புக்கும் ஒரு பாடம் இருப்பதால் துணிந்தோம்.

இசைத்தட்டின் தலைநகரம்

இந்திய இசைத்தட்டின் பிறந்தகம் நாம் வாழும் இந்நகரமே என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1902ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வந்த பிரெடெரிக் கெய்ஸ்பெர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1908இல் சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. 1928இல் அது டம்டமுக்குப் பெயர்ந்து விரிந்தது. சென்னையிலே பாடப்பெற்ற தமிழ்ப் பாட்டும் டம்டமில் தட்டாக அச்சாகி, மீண்டும் தமிழ்நாட்டு வீடுகளுக்குச் சென்றது. நம் பாட்டன்மார் திருமண வீடுகளில் சுழலவிட்ட தட்டுகள் பலவற்றின் ஊர் இதுவேயாம்.

1960களின் இறுதியில் பார்க் தெருவின் உணவு விடுதிகளில் மேல்நாட்டு இசை கொடிகட்டிப் பறந்தது. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பாடத் தொடங்கிய உஷா அய்யர், பட்டுப்புடவையும் பெரும் பொட்டுமாக டிரிங்காஸ் விடுதியில் ஆங்கிலப் பாட்டுப் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். பின்னாளில் உஷா உதுப் என நாடறிந்த அவருக்கு 2024இல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பெற்றது. நம் இனத்துப் பெண்மணி இந்நகரில் நாட்டிய கொடி அது. ஆயினும் அம்மேடைகளில் ஒலித்தது பெரும்பாலும் ஆங்கிலமே. கல்கத்தாவின் தெருவை, அதன் மின்வெட்டை, அதன் இளைஞர் ஏக்கத்தை அவர்தம் தாய்மொழியில் கித்தாருடன் பாடுவார் அங்கு இல்லை.

குதிரைகள் புறப்பட்டன

அவ்விடுதி மேடைகளில் கித்தார் வாசித்தவருள் ஒருவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சிக் கல்லூரி மாணவர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலைக்குப் பின் வங்கத்தை விட்டு நீங்கி மத்தியப் பிரதேசத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாய்ச் சில காலம் உழைத்தார். ஊர் திரும்பியதும், நாக்தலாவில் இருந்த தம் இல்லத்தில் உடன்பிறந்தோரையும் உறவினரையும் நண்பரையும் கூட்டி இசைக்குழு ஒன்று தொடங்கினார். ஆண்டு 1975. பிரதீப், விசுவநாத், ரஞ்சன் கோஷால், ஆப்ரஹாம் மஜும்தார், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய் ஆகியோருடன் கௌதமும் சேர எழுவர். ஆதலின் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர். பின்னர் வேறு பெயர்கள் சிலவும் சூட்டிக் கழித்தனர். அவற்றுள் ஒன்று 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்' என்பது! கடைசியில் ரஞ்சன் கோஷால், ஜீவனானந்தரின் 'குதிரை' என்னும் கவிதையிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார்: 'மொஹினேர் கோராகுலி'. மொஹினின் குதிரைகள் என்பது பொருள்.

கித்தார், வயலின், சாக்சபோன், முரசு ஆகியவற்றோடு கிராமத்துப் பாவுல் பாடகரின் மெட்டையும் அவர்கள் இழைத்தனர். 1977இல் முதல் சிறு இசைத்தட்டு வெளிவந்தது. ஹௌராவுக்கும் சென்னைக்குமாகக் கோரமண்டல் விரைவு வண்டி ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பதை இரயில்வேக்காரர் நாம் மறப்பதற்கில்லை. அடுத்த தட்டு 1978இல், மூன்றாவது 1979இல். மூன்றும் விலைபோகவில்லை. ரவீந்திர சங்கீதத்திலும், ஹேமந்த குமார், மன்னா டே போன்றோரின் இனிய பாடல்களிலும் தோய்ந்த காதுகளுக்கு இது கூச்சலாகத் தோன்றியது. 1981 அளவில் குழு கலைந்தது. உறுப்பினர் பிழைப்பைத் தேடிப் பல திசை சென்றனர். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் வேரூன்றினார். கௌதம் திரைப்படத் துறைக்குச் சென்று, 'நாக்மதி' என்னும் வங்கப் படத்தை இயக்கித் தேசிய விருது பெற்றார்.

மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியாமற் போனதற்குக் காரணம் இளைஞர்கள். தட்டுகள் கடையில் தூசி படிந்தாலும், பாடல்கள் சில கல்லூரி வளாகங்களில் வாய்வழியே உயிர் வாழ்ந்தன. 1980களில் ஒலிநாடா மலிந்தது. பெரிய ஆலை வேண்டா. சிறு நிறுவனமும் குறைந்த முதலில் பாட்டை விற்கலாம் என்றாயிற்று. 1992இல் சுமன் சட்டோபாத்யாய் ஒற்றைக் கித்தாருடன் பாடிய 'தோமாகே சாய்' என்னும் தொகுப்பு பெருவெற்றி பெற்று, நகர வாழ்வைப் பேசும் பாட்டுக்கு வங்கத்தின் செவியைத் திறந்துவிட்டது.

நிலம் பதப்பட்டதைக் கௌதம் கண்டார். அவர் செய்த செயலை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பழைய பெருமையைப் பேசிக்கொண்டு தாமே மேடை நடுவில் அமரவில்லை. இளம் பாடகரையும் புதுக்குழுக்களையும் அழைத்து அவர்களைப் பாடச் செய்தார். சொந்தமாக எழுதவும் செய்தார். பத்திரிகைக்கு ஆசிரியர் இருப்பது போல், அத்தொகுப்பை 'மொஹினின் குதிரைகள் பதிப்பித்தது' என்றே குறித்தார். 1995ஆம் ஆண்டு கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. 'ஆபார் பொச்சோர் குரி பொரே' எனப் பெயர். 'மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்' என்று பொருள்படும் அச்சொற்களும் ஜீவனானந்தரின் கவிதையிலிருந்து வந்தவையே. குழு தோன்றிச் சரியாக இருபது ஆண்டு.

இம்முறை ஒலிநாடாக்கள் விற்றன. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தமையே அதற்குச் சான்று. அதிலுள்ள 'பிருதிபீ' என்று சுருக்கமாய் அழைக்கப்படும் பாடல், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே மனிதர் ஒடுங்க, உலகமே சுருங்கிப்போவதைப் பாடுவது. வீட்டுக்கு வீடு கேபிள் தொலைக்காட்சி புகுந்துகொண்டிருந்த காலம் அது. ஆதலின் கேட்டோர் நெஞ்சில் தைத்தது. 2006இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்தில் அம்மெட்டு பிரீதம் இசையில், வங்கதேசத்துப் பாடகர் ஜேம்ஸின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. அதைக் கேட்கக் கௌதம் இல்லை. 1999ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அவர் காலமானார். ஆனால் 'பாங்களா பேண்டு' என்று இன்று வழங்கும் மரபு அவர் கண்முன்னேயே தழைத்துவிட்டது. சந்திரபிந்து, ஃபாசில்ஸ், பூமி எனக் குழுக்கள் வரிசையாய்ப் பெயர் பெற்றன. நாக்தலாவில் இன்று மெட்ரோ இரயில் நிலையமும் உண்டு. தாகூரின் நினைவாக 'கீதாஞ்சலி' என்று அதற்குப் பெயர்.

நமக்கு உரிய பாடம்

1995இல் நாம் பள்ளிச் சிறுவர். குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு வங்க அண்ணன் அந்த நாடாவை ஓயாமல் ஒலிக்கவிடுவார். நம் தந்தையார் சன்னலைச் சாத்திவிட்டு, "இதுவும் ஒரு பாட்டா?" என்பார். சாத்திய சன்னலின் இடுக்கில் காதை வைத்து நாம் கேட்டோம்.

அப்படிக் கேட்டவர் பிற்காலத்தில் என் செய்தார் தெரியுமோ? சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டு விழாவுக்கான கலைநிகழ்ச்சிக் குழுவில் நாமும் இருந்தோம். நம் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த இரு இளைஞர் கித்தாருடன் வந்தனர். தாமே எழுதிய தமிழ்ப் பாட்டு. ஹௌரா பாலத்தையும், விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் வண்டி ஒரிசாவைக் கடக்கும் இரவையும் பற்றியது. தமிழில் பிழைகள் இருந்தன. இடையிடையே வங்கச் சொற்களும் கலந்திருந்தன. "திரைப்பாட்டு ஒன்றைப் பாடுங்கள், தம்பி, கூட்டம் அதைத்தான் விரும்பும்" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் பாடவே இல்லை. அடுத்த ஆண்டு வரவும் இல்லை. பிழையைத் திருத்தித் தர நமக்கு ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது. அன்று சன்னலைச் சாத்தியவர் நாமே.

அன்பர்களே! மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. பதினெட்டு வயதுப் பிள்ளை தன் ஊரையும் தன் கவலையையும் எம்மொழியில் பாடுகின்றானோ, அம்மொழியே அவனுக்கு உயிர்மொழி. கல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைக்குக் கல்கத்தாவே ஊர். அவ்வூரைத் தமிழில் பாடும் பாட்டு சென்னையிலிருந்து இரயிலேறி வாராது. அது இங்கேயே பிறத்தல் வேண்டும். முதற் பாட்டு நன்றாயிராமற் போகலாம். மொஹினின் குதிரைகளின் முதல் மூன்று தட்டுகளும் விற்கவில்லை அன்றோ? அவர்களுக்கு இருபதாண்டுக்குப் பின் செவிசாய்க்க ஒரு நகரமே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது இச்சிறு குடியிருப்பும் ஆண்டுக்கு ஒரு மேடையுமே.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி வரும் ஆண்டு விழாக்களில் கால் மணி நேரம் பிள்ளைகள் தாமே இயற்றிய தமிழ்ப் பாட்டுக்கென ஒதுக்குவோம். தமிழறிந்த பெரியோர் உடனமர்ந்து திருத்தித் தரட்டும்; கௌதம் செய்தது போல், பாடும் இடத்தை இளையோர்க்கே விடட்டும். அந்த இரு இளைஞர் இம்மலரைக் காண்பாராயின், அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: தம்பிமாரே, கித்தாரை எடுத்துக்கொண்டு வாருங்கள். இம்முறை முன்வரிசையில் அமர்ந்து கேட்கின்றோம்.