ஆல்பைன் லூப் மலைப்பாதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் வான் மலைத்தொடருக்குள் லேக் சிட்டி, சில்வர்டன், யூரே ஆகிய மூன்று சிற்றூர்களை இணைக்கும் கரடுமுரடான பாதை. நீளம் சுமார் 105 கி.மீ.; பெரும்பகுதி மண்ணும் கல்லும்தான். ஸ்புரூஸ், ஆஸ்பென் மரக்காடுகள் வழியே ஏறி, மரமே வளராத உயரத்தில் சின்னமன், எஞ்சினியர் என்னும் இரு கணவாய்களைக் கடக்கிறது. எஞ்சினியர் கணவாயின் உயரம் ஏறத்தாழ 12,800 அடி.

இன்று ஜீப்பில் உல்லாசமாகப் போகிற இந்தப் பாதையைப் போடவைத்தது வெள்ளி. இந்த மலைப்பகுதி யூட் பழங்குடியினரின் மண். தாது தேடி வந்தவர்கள் அத்துமீறிக் குடியேறிய பின், 1873இல் புரூனோ உடன்படிக்கையின் பேரில் அரசு அதை எழுதி வாங்கிக்கொண்டது. 1881இல் அன்கம்பாக்ரே யூட் மக்கள் யூட்டாவுக்குத் துரத்தப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர் யூரேயின் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நிலைத்தது.

கோவேறு கழுதை முதுகில் தாதுவை இறக்கினால் கிடைத்த காசு கூலிக்கே போய்விடும். எனவே 1870களில் தனியார் சுங்கச் சாலைகள் முளைத்தன. ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்த ஓட்டோ மியர்ஸ் இத்தொழிலில் பெரும்புள்ளி. சாலை போட்டுச் சுங்கம் வாங்கியவர், பிறகு ரயிலும் விட்டார். 1904இல் அது சுரங்க ஊரான அனிமாஸ் ஃபோர்க்ஸை எட்டியது.

அந்த ஊர் 11,200 அடி உயரத்தில் இருந்தது. 1884இல் 23 நாள் ஓயாத பனிப்புயலில் 25 அடி பனி மூடியது. மக்கள் வீட்டுக்கு வீடு பனியைக் குடைந்துதான் போய்வந்தார்கள். பேராசைக்கும் பஞ்சமில்லை: மாநிலத் தலைநகர் ஆகிவிடும் என்று நம்பி, ஒரு குக்கிராமத்துக்குக் கேப்பிட்டல் சிட்டி என்றே பெயர் வைத்தார்கள்.

1893இல் அரசு தன் வெள்ளிக் கொள்முதல் சட்டத்தை நீக்கியதும் விலை சரிந்தது. தங்கம் சில இடங்களைச் சிறிது காலம் தாங்கியது. 1920களுக்குள் அனிமாஸ் ஃபோர்க்ஸ் காலியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் வந்துதான் பாதைக்கு மறுவாழ்வு. ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். கணவாய்களுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள, தரையிலிருந்து உயர்ந்த வண்டியே சரி.

சுரங்கங்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2015 ஆகஸ்ட் 5இல், சில்வர்டனுக்கு மேலே கோல்டு கிங் சுரங்கத்தைச் சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் ஆய்வுக்காகத் தோண்டியபோது, சுமார் 30 லட்சம் காலன் நச்சுநீர் பீறிட்டு அனிமாஸ் ஆற்றை மஞ்சளாக்கியது. மறு ஆண்டே இந்த வட்டாரச் சுரங்கங்கள் மத்திய அரசின் நச்சுக்கழிவு அகற்றும் பட்டியலில் சேர்க்கப்பட்டன.