புதிய பௌதிகமும் எளிய நூல்களும்

ஆய்வுகூடத்திலே பிறக்கும் அறிவு பொதுமக்களை எட்டுவதற்குப் பாலமாக அமைவன எளிய நடையில் எழுதப்பெறும் விஞ்ஞான நூல்களாகும். நீராவி எந்திரத்தையும் தந்தியையும் விளக்கிய நூல்களுக்கு ஒரு வசதி இருந்தது. வாசகன் அப்பொருள்களைக் கண்ணாற் கண்டிருந்தான். 1900ஆம் ஆண்டிலே தோன்றிய புதிய பௌதிகமோ கண்ணுக்குப் புலனாகாத அணுவின் உள்ளே புகுந்து பேசுவது. அதனைக் கல்லூரிக்கு வெளியே உள்ளவர்க்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே தமிழருக்குப் பெருமையும் உண்டு. இன்னும் தீராத கடனும் உண்டு.

1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14ஆந் திகதி பேர்லினிலே மாக்ஸ் பிளாங்க் என்னும் பேராசிரியர் புதுமையான கருத்தொன்றை வெளியிட்டார். வெப்பமேறிய பொருள் ஒளியை வீசுமிடத்துச் சக்தியானது நீரொழுக்குப்போல இடையறாது கைமாறுவதன்று. குறித்த சிறு அளவுகளாகவே கைமாறுகின்றது என்பதே அது. நெல்மூட்டையின் வாயை அவிழ்த்துச் சரிக்கும்போது நெல் நீர்போலவே ஒழுகுகின்றது. கையில் அள்ளிப் பார்த்தாலன்றோ மணிமணியாக இருத்தல் விளங்கும்? சக்தியும் அத்தகையதே. ஒளியே இத்தகைய மணிகளாலாயது என 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் கூறினார். ஊதா ஒளியின் மணி பெரிது. சிவப்பொளியின் மணி சிறிது. ஆதலின், சில உலோகங்களிலிருந்து மங்கலான ஊதா ஒளி இலத்திரன்களை வெளியேற்றுகின்றது; சிவப்பொளி எத்துணை மிகுதியாகப் பாய்ந்தாலும் வெளியேற்றமாட்டாது. 1913இல் போர் இக்கருத்தை அணுவின் அமைப்போடு பொருத்தினார். 1925இல் ஹைசன்பேர்க்கும் 1926இல் சுரோடிங்கரும் அதனை முற்றிலும் புதிய கணிதத்தின்மேல் நிறுவினர்.

இம்மாற்றத்தின் சூடு ஆறுமுன்னரே ஆங்கிலத்தில் எளிய நூல்கள் எழுந்தன. எடிங்டன் 1927இல் எடின்பரோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1928இல் நூலாயின. தாம் எழுதும் மேசை ஒன்றன்று, இரண்டு என அவர் தொடங்குகின்றார். ஒன்று கைக்குத் திண்ணென்று படும் மேசை. மற்றையது பெரும்பாலும் வெறுவெளியாய், மின்றுகள்கள் விரைந்தோடும் மேசை. 1930இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் எழுதிய நூல் மிகப் பரவலாக விற்பனையாயிற்று. 1940இல் காமோவ் ஒரு வங்கி எழுதுவினைஞரைக் கனவுலகுக்கு அனுப்பிக் கதையாகவே பௌதிகத்தைக் கற்பித்தார்.

இந்நூல்கள் எல்லாரையும் மகிழ்வித்தன அல்ல. ஜீன்ஸ், பிரபஞ்சத்தை வகுத்தவன் கணித வல்லுநனாகத் தோன்றுகின்றான் என்றார். எடிங்டனும் ஜீன்சும் உவமைச் சொற்களைக் கொண்டே மெய்யியல் முடிபுகளுக்குத் தாவிவிட்டனர் என்று சூசன் ஸ்டெபிங் என்னும் மெய்யியற் பேராசிரியை 1937இல் ஒரு நூலே எழுதி மறுத்தார். அக்கண்டனம் இன்றும் பொருந்துவது. 1975இல் வெளிவந்த காப்ராவின் நூல் நடராசரின் ஆடலையும் அணுத்துகள்களின் இயக்கத்தையும் ஒப்பிட்டது. அவ்வொப்புமை கவின்மிக்கது, எனினும் ஒப்புமை நிரூபணமாகாது. ஆகமம் அறிந்தோர் அணுவிஞ்ஞானத்தின் சான்றிதழை வேண்டி நிற்பதில்லை. அணுவிஞ்ஞானமும் ஆகமத்தின் துணையை வேண்டுவதன்று.

நூலால் விளையும் நன்மையையும் நூலின் எல்லையையும் ஒருங்கே காட்டுவது சந்திரசேகரின் இளமை வரலாறு. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த அவர், சொமர்பெல்ட் எழுதிய அணுவமைப்பு நூலைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தார். அஃது எளிய நூலன்று. ஆயினும் ஆசிரியர் துணையின்றி நூலொன்றே ஆசானாக அமைந்தமைக்கு அது சான்று. 1928இல் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது அந்த இளைஞர் அவரை விடுதியிற் சென்று கண்டார். அவர் கற்ற கொள்கை மாறிவிட்டதென்றும், சுரோடிங்கர், ஹைசன்பேர்க், டிராக் ஆகியோரின் புதிய கொள்கை அதன் இடத்தைப் பற்றிவிட்டதென்றும் அம்முதுபேரறிஞர் கூறினார். கூறியதோடமையாது, தாம் எழுதி அதுகாறும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் அளித்தார். அதனைத் துணையாகக் கொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1929இல் இலண்டன் வேத்தியற் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர், பயணத்தின்போதே வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லையுண்டு என்பதைக் கணிக்கத் தொடங்கினார். அவ்வெல்லை ஞாயிற்றின் திணிவைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் நோபெல் பரிசு அவரைத் தேடிவந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அச்சேறிய நாளிலேயே நூல் நின்றுவிடுகின்றது. அறிவு மேலே நடந்துகொண்டிருக்கின்றது. நூலை முடித்தவனுக்கு அடுத்த படியைக் காட்ட ஒருவர் வேண்டும். சந்திரசேகருக்கு ஆங்கிலம் இருந்தது. நல்ல நூலகம் இருந்தது. மியூனிக்கிலிருந்து நூலாசிரியரே வந்தார். இம்மூன்றும் இல்லாதவன் என் செய்வான்?

இவ்வினாவுக்கு வங்காளத்திலே ஒரு விடை பிறந்தது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் விதியைப் புதிய வழியில் நிறுவி, 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதனை ஜெர்மன் மொழியாக்கி வெளியிடச் செய்தார். அத்துணை உயர்ந்த ஆய்வாளர், 1948இல் வங்காள விஞ்ஞானக் கழகத்தை அமைத்துத் தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப முன்னின்றார். ஆய்வுக்குப் பிறமொழி தடையாகவில்லை. ஆயினும் பொதுமக்களின் அறிவுக்குத் தாய்மொழியே வழியென அவர் கண்டார்.

தமிழிலும் முயற்சிகள் குறைந்தனவல்ல. சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) 1917ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எழுபதாண்டுகள் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதினார். இராஜாஜி திண்ணையில் அமர்ந்து பேசுவாரைப்போல இரசாயனத்தை விளக்கினார். 1954ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியம் பௌதிகத்துக்கும் இடமளித்தது. பிற்காலத்தில் சுஜாதா வாசகர்களின் வினாக்களுக்கு விடையாகவே விஞ்ஞானத்தை வளர்த்தார்.

ஈழத்தவருள் இத்துறையில் முதலிற் கூறத்தக்கவர் விபுலானந்த அடிகளார். யாழ்நூல் ஆசிரியராகவே அவரைப் பலரும் அறிவர். அவர் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதைச் சிலரே நினைப்பர். திருக்கோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் இருந்த காலத்திலே அதனை நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். அம்முயற்சியின் பயனாகிய கலைச்சொல் நூல் 1938இல் வெளிவந்தது. சொல் இல்லாதவிடத்து நூல் எழாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பிளாங்க் கண்ட சக்தியின் மணிக்கு ஈழத்துப் பாடநூல்கள் ‘சக்திச்சொட்டு’ எனப் பெயரிட்டன. மழைத்தாரை தொடர்ச்சியாகத் தோன்றினும் துளிகளால் ஆயது என்பதைச் சிறுவனும் அறிவான். ஆதலின் அச்சொல் பாதிப் பாடத்தைத் தானே கற்பித்துவிடுகின்றது. தமிழகத்திலோ ‘குவாண்டம்’ என்பதே வழங்குகின்றது. அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே அதிர்வெண், இங்கே மீடிறன். இரு கரைகளிலும் உழைத்தவர்கள் அறிஞர்களே. ஆயினும் துன்பப்படுபவன் மாணவன். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வயல்கள் சூழ்ந்த தோப்பூரிலே ஒரு மாணவன் சென்னையில் அச்சான நூலை விரித்தால், தான் வகுப்பிலே கற்ற பொருளையே வேறொன்றாக மயங்குகின்றான். பௌதிகத்தின் கடுமை ஒருபுறமிருக்க, தன் மொழிக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பு அவனுக்கு வேண்டியதாகின்றது.

ஹைசன்பேர்க்கின் ஆய்வு நூறாண்டை எட்டியமை கருதி, ஐக்கிய நாடுகள் 2025ஆம் ஆண்டை இவ்விஞ்ஞானத்துக்குரிய சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. நூறாண்டுக்குப் பின்னரும் தமிழ் வாசகனுக்கு வேண்டியன சிலவே. இருகரைச் சொற்களையும் அருகருகே தரும் அகராதி ஒன்று. உவமை எங்கே முடிகின்றது, கணிதம் எங்கே தொடங்குகின்றது என்பதை ஒளிக்காது கூறும் நூல்கள் சில. அந்நூல்களை முடித்த மாணவனை அடுத்த படிக்கு ஆற்றுப்படுத்தும் ஆசிரியர். முன்னிரண்டுக்கும் அறிஞர் குழுக்களும் பதிப்பகங்களும் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் இன்றே கைகூடத்தக்கது. சென்னை விடுதியிலே சொமர்பெல்ட் செய்ததும், தாம் கற்றது பழையதாயிற்று என ஓர் இளைஞருக்கு உரைத்து, புதியதை அவர் கையிற் கொடுத்ததுவே.