நாவின் மௌனமும் அறிவின் மௌனமும்

அருளாளன் அல்லாஹ் மனிதனைப் படைத்து, அவனுக்குப் 'பயான்' எனும் எடுத்துரைக்கும் ஆற்றலைக் கற்பித்தான். இந்த அருட்கொடை மூளையின் எப்பகுதிகளைச் சார்ந்துள்ளது என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தொடங்கியது.

1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பல்லாண்டுகள் 'டான்' என்ற ஓரசையை மட்டுமே கூறிவந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்மூளை பழுதுற்றிருந்தது. இவ்வகைப் பேச்சிழப்பு உடையோர் பிறர் சொல்வதைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்வர். சொல்தான் தட்டுத் தடுமாறி வரும். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான வகையை விளக்கினார். அதில் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இராது, கேட்பதும் விளங்காது. இவ்விரண்டும் ஒருங்கே சிதைவது முழுமையான பேச்சிழப்பு. பொருட்களின் பெயர் மட்டும் நாவில் எழாத வகையும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல இயலாத வகையும் உண்டு.

பெரும்பாலும் பக்கவாதத்தால் திடீரென வரும் இக்குறை, சிலருக்கு மூளை மெல்லத் தேய்வதாலும் வரும். வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942இல், தம் 43ஆம் வயதில், பேச்சை இழக்கலானார். 1952இல் ராஞ்சி மனநல மருத்துவமனைக்கும், மறு ஆண்டு இலண்டனுக்கும் வியன்னாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார். மூளை தேயும் 'பிக் நோய்' என வியன்னா மருத்துவர்கள் கண்டறிந்தபோது 11 ஆண்டுகள் கடந்திருந்தன. 1976இல் டாக்காவில் வஃபாத்தாகும் வரை அவர் பேசவில்லை.

வகை பிரித்தறிவது மார்க்கச் சட்டத்துக்கும் தேவையாகிறது. பிறவி ஊமையின் தெளிவான சைகையைப் பேச்சுக்கு ஒப்பாக ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்றனர். இடையில் நா கட்டுண்டவரின் சைகையை ஷாஃபிஈ மத்ஹப் அவ்வாறே ஏற்கிறது. ஹனஃபி நூலான ஹிதாயாவோ அதனை வேறுபடுத்துகிறது. ஆகவே வஸிய்யத், தலாக் போன்றவற்றில் இத்தகையோரின் சொல்லையோ சைகையையோ கொண்டு குடும்பத்தார் தாமே முடிவுகட்டலாகாது. அவருக்கு விளக்கம் இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து, ஆலிமை அணுக வேண்டும்.

பொம்மிடி போன்ற நம் ஊர்களில், திடீரெனப் பேச்சுக் குழறினால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடுவோரும் உண்டு. துஆவும் செய்வோம், அதே நிமிடத்தில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் விரைவோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நான்கரை மணி நேரத்துக்குள் கிடைத்தாக வேண்டும். பின்னர், பேச இயலாத பெரியவர் முன் அவரைப் பற்றி அலட்சியமாகப் பேசாதிருப்போம். நா மௌனித்தாலும் அவர் அனைத்தையும் கேட்டு விளங்கிக்கொண்டிருக்கலாம்.