பெயர் தேடிய வாசகர்: ஜெர்ரி பெய்ல்ஸும் காமிக்ஸ் ஆவணங்களும்

தில்லியின் தரியாகஞ்ச் நடைபாதையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஞாயிறுதோறும் கூடிவந்த பழைய புத்தகச் சந்தை, உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2019இல் அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு இடம் மாறியது. போட்டித் தேர்வு நூல்களுக்கும் ஆங்கில நாவல்களுக்கும் நடுவே பழைய இந்தி காமிக்ஸ் இதழ்களைத் தேடி அங்கே போகிறவர்கள் உண்டு. டயமண்ட் காமிக்ஸ், ராஜ் காமிக்ஸ் இரண்டும் தில்லி நிறுவனங்களே. பிராணின் சாச்சா சௌத்ரியும், 1980களில் பிறந்த நாகராஜும் வட இந்தியச் சிற்றூர்களின் ரயில் நிலையக் கடைகள் வரை இந்த நகரத்திலிருந்து போனவர்கள்தாம். ஆனால் அவ்விதழ்களில் ஒன்றைக் கையில் எடுத்து, இது எந்த ஆண்டு வெளிவந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இதழ் பதில் சொல்வதில்லை. வரிசை எண் இருக்கும், விலை இருக்கும், ஆண்டு இராது. விலை எப்போது உயர்ந்தது, உள்ளட்டையில் அடுத்த இதழாக எது அறிவிக்கப்பட்டது, எந்தத் திரைப்படத்தின் சாயல் கதையில் தெரிகிறது என்பனவற்றை ஒப்பிட்டே காலத்தைக் கணிக்க வேண்டும்.

அந்தக் கணிப்பைச் செய்துவைத்திருப்பவர்கள் பல்கலைக்கழகத்தினர் அல்லர், பதிப்பகத்தினரும் அல்லர். பகல்நேர வேலை முடிந்தபின் இரவில் அமர்ந்து, தம்மிடமுள்ள இதழ்களையும் நண்பர்களிடமுள்ள இதழ்களையும் ஒப்பிட்டுப் பட்டியல் எழுதிய வாசகர்கள். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி, தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கும் போய்ச் சேரவேண்டும். சட்டத்தில் இடம் இருந்தது. மலிவுத்தாளில் அச்சான படக்கதைக்கு நூலக அலமாரியில் இடம் இருந்ததா என்பது வேறு கேள்வி. படித்து முடித்தபின் எடைக்குப் போகும் பொருளாகத்தான் காமிக்ஸ் எங்கும் கருதப்பட்டது. அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே அந்த நிலையை மாற்றிய வாசகர் ஒருவரின் வரலாறு, இன்று காமிக்ஸை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளும் எவரும் அறிந்திருக்க வேண்டியது.

ஜெர்ரி பெய்ல்ஸ் 1933இல் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்; அவர் கற்பித்தது இலக்கியமன்று, அறிவியல். சிறுவயதில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் வந்த நீதிச் சங்கத்து நாயகர்களின்மேல் கொண்ட பற்று அவரை விட்டு அகலவில்லை. 1950களின் தொடக்கத்தில் அவ்விதழ் தன் நாயகர்களைக் கைவிட்டபோது, பிள்ளைகள் பெரும்பாலோர் வேறு பொழுதுபோக்குக்குப் போய்விட்டனர். பெய்ல்ஸ் அக்கதைகளை எழுதியவரான கார்டனர் பாக்ஸுடன் கடிதத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். அவரிடமிருந்தே பழைய இதழ்களின் கட்டுத்தொகுதியை விலைக்கு வாங்கினார். அதே இதழ்களைத் தேடி ராய் தாமஸ் என்ற இளைஞர் பாக்ஸுக்கு எழுதியபோது, பாக்ஸ் அவரை பெய்ல்ஸிடம் திருப்பிவிட்டார். 1961 மார்ச்சில் 'ஆல்டர் ஈகோ' என்ற சிற்றிதழ் பிறந்தது. சைக்ளோஸ்டைலுக்கு உறவான, ஊதா எழுத்துகளை உமிழும் படியெடுப்புக் கருவியில் பெய்ல்ஸ் தாமே அதை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் தொடங்கியவை பல: பழைய இதழ்களை வாங்கவும் விற்கவும் விளம்பர இதழ் ஒன்று, செய்தி இதழ் ஒன்று, வாசகர் வாக்களிக்கும் ஆலி விருதுகள், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே அச்சிட்டு அனுப்ப, அவற்றை ஒன்றாகத் தொகுத்துச் சுற்றுக்கு விடும் 'கப்பா ஆல்பா' என்ற கூட்டிதழ். தொடங்கிவைத்துவிட்டு, ஓரளவு நிலைபெற்றதும் பெரும்பாலானவற்றை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டார். அமைப்புகளின் தலைவராக நீடிப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பட்டியல் போடுவதில்தான் இருந்தது. எந்தக் கதையை யார் எழுதினார், யார் பென்சிலில் வரைந்தார், யார் மைதீட்டினார் என்பதே அவருடைய ஓயாத கேள்வி.

அது அற்பமான கேள்வி அன்று என்பதை 1965இல் நடந்தது காட்டிற்று. பேட்மேன் முதன்முதலில் தோன்றியது 1939இல். அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்தின் கதைகளில் அச்சான பெயர் ஒன்றே: பாப் கேன். தன் பெயர் மட்டுமே வரும்படி அவர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார். 1965 கோடையில் நியூயார்க்கில் நடந்த காமிக்ஸ் மாநாட்டுக்கு பில் பிங்கர் என்ற கதாசிரியர் வந்திருந்தார். பெய்ல்ஸ் அவரிடம் விரிவாகப் பேசி, அச்செய்திகளைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதிக் கூட்டிதழில் வெளியிட்டார். பேட்மேனின் முதல் கதையை எழுதியவர் பிங்கர். உடையின் தோற்றத்தைத் திருத்தி அமைத்ததில் அவருக்குப் பங்குண்டு. கோதம் என்ற நகரப் பெயரும் அவர் இட்டது. இவை முதன்முறையாக எழுத்தில் பதிவாயின. செய்தி கேனை எட்டியது. அவர் சினந்து நீண்டதொரு மறுப்புக் கடிதம் எழுதினார். மிகச் சிலரிடம் மட்டுமே சுற்றிய இதழ் ஒன்றுக்கு, புகழின் உச்சியில் இருந்தவர் அத்தனை நீளமாக மறுப்பு எழுதினார் என்பதே அக்கட்டுரையின் எடையைச் சொல்லும்.

பிங்கர் 1974இல் இறந்தார். அதுவரை அவர் பெயர் பேட்மேனைப் படைத்தவராக எங்கும் அச்சாகவில்லை. பின்னாளில் கேன் தம் தன்வரலாற்றில் பிங்கரின் பங்கை ஓரளவு ஒப்புக்கொண்டார். டிசி நிறுவனம் 2015இல்தான், பாப் கேனுடன் பில் பிங்கரும் சேர்ந்து படைத்தது என்ற பொருள்படும் வரியை அதிகாரபூர்வமாக அறிவித்தது. ஊதா மையில் அந்தக் கட்டுரை வந்து சரியாக ஐம்பது ஆண்டுகள். இடையில் வேறு ஆய்வாளர்களும் பிங்கரின் வழித்தோன்றல்களும் போராடினர். பெயர் திரும்பியதற்கு அவர்களே நேர்க்காரணம். எனினும் பிங்கரின் வாய்மொழியை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தவர் ஒரு வாசகர் என்பது மறக்கத்தக்கதன்று.

இந்த முறையை பெய்ல்ஸ் விரிவாக்கினார். ஹேம்ஸ் வேர் என்பவருடன் சேர்ந்து, வாழ்ந்துகொண்டிருந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வினாப்படிவங்களை அஞ்சலில் அனுப்பி, விடைகளைத் தொகுத்து, 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக அமெரிக்க காமிக்ஸ் படைப்பாளிகளின் பெயர்க்கோவையை வெளியிட்டார். கையொப்பமிடாத பக்கத்தை, காது வரையும் விதத்தையும் நிழலிடும் கோட்டையும் கொண்டு இன்னாருடையது என்று அடையாளம் காண்பதில் வேர் வல்லவர். பாட ஒப்பீடும் நடையியலும் பயின்றவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. உ.வே.சாமிநாதையரோடு இவர்களை நிறுத்துவது மிகைதான். ஆனால் ஊர் ஊராகப் பிரதிகளைத் தேடுதல், ஒப்பிடுதல், ஐயத்தை ஐயமென்றே குறித்தல் என்ற ஒழுக்கம் இரு இடத்திலும் ஒன்றே.

பெய்ல்ஸின் பணியில் குறை இல்லாமல் இல்லை. முகமூடி நாயகர்களே அவருடைய உலகம். அவர் தலைமுறை வகுத்த காலப்பகுப்பு முழுவதும் அந்நாயகர்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அளவாகக் கொண்டது. காதல் கதைகள், விலங்குக் கதைகள், சிறுமியருக்கான இதழ்கள் ஆகியவை அந்தச் சட்டகத்துக்குள் நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தன. எதை விரும்புகிறோமோ அதையே பாதுகாக்கிறோம். தன்னார்வலரின் பட்டியலைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அப்பட்டியலின் விருப்பங்களையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார்.

தமிழுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர். வரைந்தவர் பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. எழுதியவர்கள் முதலில் கென் புல்மர், பின்னர் டாம் டல்லி. இப்பெயர்கள் எவையும் தமிழ் வாசகருக்கு அன்று தெரிந்திருக்க வழியில்லை. பிரிட்டிஷ் சிறுவர்களுக்கும் தெரியாது. அங்கத்திய வார இதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடுவதில்லை என்பதை வழக்கமாகவே வைத்திருந்தன. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் அவ்வழக்கத்தை உடைத்தது. சிவகாசியில் ஒரு சிறுவனின் உறக்கத்தைக் கெடுத்த அந்த உலோகக் கையை வரைந்தவரின் பெயர், லண்டனிலும் மறைக்கப்பட்ட பெயராகவே இருந்தது.

பெயரிடும் வழக்கு வேறொரு முடிச்சு. முத்து காமிக்ஸில் வேதாளர் என்று வழங்கிய அதே நாயகர், 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி ஆனார். எனவே தமிழில் 'மாயாவி' என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, லீ பாக் படைத்த காட்டு வீரரையும் குறிக்கலாம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் ஆளையும் குறிக்கலாம். மலையாளத்தில் பாலரமாவின் மாயாவியோ இவ்விருவருக்கும் சம்பந்தமில்லாத குட்டிச்சாத்தான். கதைத் தலைப்புகள் மூலத்தின் மொழிபெயர்ப்பாக அமைவதும் அரிது. ஆசிரியர் தம் போக்கில் புதிதாகச் சூட்டிய தலைப்புகளே மிகுதி. ஆகவே ஒரு தமிழ் இதழுக்கு மூலம் எது என்று நிறுவ, தலைப்பு உதவாது. படங்களைச் சட்டம் சட்டமாக ஒப்பிட வேண்டும். முத்து, லயன், ராணி இதழ்களுக்கு இன்று கிடைக்கும் பட்டியல்கள் வாசகர்கள் அவ்வாறு கண்ணால் ஒப்பிட்டு உருவாக்கியவை. மொழிபெயர்ப்பியல் ஆய்வேடு ஒன்றுக்கு இதைவிட அடிப்படையான தரவு இல்லை. ஆனால் நன்றியுரையில்கூட அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. 'இணையத்தில் கிடைத்த தகவல்' என்ற ஒற்றைத் தொடரில் பத்தாண்டு உழைப்பு கரைந்துபோகிறது.

உழைப்பு கரைவது மட்டுமன்று, தொகுப்பும் கரையலாம். பிரிட்டிஷ் காமிக்ஸின் நூறாண்டுப் பட்டியலை 1975இல் வெளியிட்ட டெனிஸ் கிபர்ட், தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான இதழ்களைச் சேர்த்திருந்தார். 2000இல் அவர் இறந்தபின் அத்தொகுப்பு ஏலத்தில் பிரிந்து சிதறியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992இல் மறைந்தபோது அதே அபாயம் தமிழுக்கும் இருந்தது. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர் சேர்த்தவற்றில் நூல்களோடு இதழ்களும் திருமண அழைப்பிதழ்களும் நாடக நோட்டீசுகளும் இருந்தன. நூலகங்கள் குப்பையெனத் தள்ளியவை அவை. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிறுவ உதவியதால் அது பிழைத்தது. இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு சேகரித்தவரின் தகுதியில் இல்லை. இறந்த பிறகு யார் கதவைத் தட்டினார்கள் என்பதில் இருந்தது.

காகிதத்தை நம்ப முடியாது என்று கண்டதால்தான் பெய்ல்ஸ் இரவல் வாங்கிய இதழ்களை நுண்படச்சுருளில் பதிவுசெய்தார். இன்று அதே வேலையை வருடி செய்கிறது. காப்புரிமைச் சிக்கலும் அதே சிக்கல்தான். தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் கடை வழக்கில் உயர் நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்பு, பாடத்துக்குத் தேவையான பகுதிகளைப் படியெடுக்க இடம் தந்தது. ஆனால் வெளியீட்டாளர் மறந்துபோன ஓர் இதழை முழுமையாக வருடிப் பாதுகாக்கும் வாசகருக்கு அத்தீர்ப்பு நேரடியாக அடைக்கலம் தருவதன்று. பட்டியலுக்கு அந்த இடர் இல்லை. 1994இல் தொடங்கிய கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் முழுவதும் தன்னார்வலர்களால் நடப்பது; ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் சரிபார்த்த பின்னரே அது ஏற்கப்படும். ஆய்விதழ்களின் நடுவர் முறையை ஊதியமும் பதவி உயர்வும் இன்றி நடத்திக்காட்டும் இடம் என்று அதைச் சொல்லலாம்.

பெய்ல்ஸ் 2006 நவம்பர் 23 அன்று இறந்தார். நான்கு தொகுதிகளாக வந்த பெயர்க்கோவையை இணையத்துக்கு ஏற்றி, இறுதிக்காலம் வரை திருத்தியும் சேர்த்தும் வந்தார்.

தமிழில் அத்தகைய பெயர்க்கோவை இன்னும் இல்லை. முத்து காமிக்ஸின் முதல் ஆசிரியராக இருந்த முல்லை தங்கராசன், பூந்தளிரில் எழுதிய வாண்டுமாமா, அவருடைய கதைகளுக்கு வரைந்த செல்லம் எனச் சில பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆங்கில வசனக் குமிழ்களை அழித்துத் தமிழை எழுதியவர்கள், வசனத்தை மொழிபெயர்த்தவர்கள், அட்டைப்படத்தைப் புதிதாக வரைந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அச்சேறவில்லை. 1972இல் இருபது வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு இப்போது எழுபது கடந்திருக்கும். பெய்ல்ஸும் வேரும் அனுப்பியதைப் போன்ற ஒரு வினாப்படிவத்தோடு சிவகாசிக்குப் போக இன்னும் காலம் இருக்கிறது, அதிகம் இல்லை.