மணிக்கூடும் கையடக்கத் தொலைபேசியும்: வேலைத்தலக் கட்டுப்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேலை நேரத்திற் கையடக்கத் தொலைபேசியைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி இன்று உலகின் பல பாகங்களிலுமுள்ள தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் நடைமுறையில் உள்ளது. வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லுதல், பெட்டியில் வைத்துப் பூட்டுதல், உலோகங்காட்டும் கருவியைக் கடந்து செல்லுதல் என அது பல வடிவங்களைப் பெறும். புதிய கருவியொன்று தோற்றுவித்த புதிய பிரச்சினையாகவே இதனைப் பலரும் கருதுகின்றனர். ஆயின், தொழிலாளி தன்னுடன் எடுத்துச் செல்லும் சிறுபொருளொன்றை முதலாளி தடைசெய்தது இது முதன்முறையன்று. தொலைபேசிக்கு முன்னர் அவ்விடத்தில் இருந்தது சட்டைப்பைக் கடிகாரமாகும்.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னரே இவ்வரலாறு தொடங்கிவிடுகின்றது. இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியிற் பெரும் இரும்பு வேலைத்தலங்களை நடத்திய அம்புறோஸ் குறோலி என்பார் 1700ஆம் ஆண்டளவில் தம் தொழிலாளருக்கென வகுத்த விதிகள் இலட்சம் சொற்களையும் விஞ்சிய ஒரு சட்டநூலாக விரிந்தன. கிழமைக்கு 80 மணித்தியாலம் கலப்பற்ற வேலை செய்யப்படுதல் வேண்டும் என்பது அவரது கணக்கு. மதுச்சாலை, கோப்பிக்கடை, உணவு, உறக்கம், புகைபிடித்தல், பாட்டு, வாய்ச்சண்டை ஆகியவற்றிற் செலவான பொழுது அக்கணக்கிலிருந்து கழிக்கப்படும். இப்பட்டியலிற் செய்தி வாசித்தலும் இடம்பெற்றிருப்பது, வேலையிடையே தொலைபேசியைப் புரட்டும் தொழிலாளியைக் கடியும் இன்றைய முதலாளிக்கு ஆறுதலளிக்கக்கூடும். வேகமாக ஓடும் மணிக்கூடுகளைக் காட்டிச் சிலர் வேளைக்கே வெளியேறுகின்றனர் என்பதும் குறோலியின் முறைப்பாடாக இருந்தது. எனவே, கண்காணிப்பாளரின் மணிக்கூடு தவிர்ந்த வேறெதனைக் கொண்டும் நேரத்தைக் கணித்தலாகாது என்றும், அம்மணிக்கூடு பிறர் கைபடாவண்ணம் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் அவர் விதித்தார்.

ஒரு நூற்றாண்டின் பின்னர் இம்முறைப்பாடு திசைமாறி ஒலித்தது. 1832இல் மைக்கேல் சட்லர் தலைமையிலான பாராளுமன்றத் தெரிவுக்குழு ஆலைச் சிறுவரின் நிலையை விசாரித்தபோது, நேரத்தைத் திருடுவோர் முதலாளிமாரே எனத் தொழிலாளர் சாட்சியமளித்தனர். அக்காலத்துச் சாட்சியங்களுள் ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. கோடையில் வெளிச்சம் உள்ளவரை வேலை நடந்தது. எத்தனை மணிக்கு முடிந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. முதலாளியிடமும் அவர் மகனிடமும் மாத்திரமே கடிகாரம் இருந்தது. கடிகாரம் வைத்திருந்த தொழிலாளி ஒருவன் ஏனையோருக்கு மணி சொன்னமையால், அக்கடிகாரம் அவனிடமிருந்து பறிக்கப்பட்டு முதலாளியின் பொறுப்பில் வைக்கப்பட்டது.

குழுவின் விசாரணை ஒருதலைப்பட்சமானது என ஆலை முதலாளிமார் வாதிட்டனர். அவ்வாதத்தை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. சட்லர் தாம் ஆதரித்த மசோதாவுக்குச் சார்பான சாட்சிகளையே பெரிதும் அழைத்திருந்தார். எனினும், 1850இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகர ஆலைச் சிறுவன் ஒருவனின் தன்வரலாறாக வெளிவந்த நூலிலும் இதே செய்தி காணப்படுகின்றது. அங்கு மணிக்கூடுகள் காலையில் முன்னகர்த்தப்பட்டும் மாலையிற் பின்னகர்த்தப்பட்டும் வந்தன. இதனை அறிந்திருந்தும் தொழிலாளர் வாய்திறக்கவில்லை. கடிகாரம் எடுத்துச் செல்லவே அஞ்சினர். நேரத்தைப் பற்றி அதிகம் அறிந்தவன் வேலையிழப்பான் என்பது அவர்கள் கண்ட உண்மை. 1967இல் ஈ. பி. தொம்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இச்சான்றுகளை ஒருங்குதிரட்டி, மணிக்கூட்டின் ஆட்சி உழைக்கும் மக்களின் பழக்கவழக்கங்களை எவ்வாறு மாற்றியது என்பதை விளக்கியது. முதற் தலைமுறைத் தொழிலாளருக்கு நேரத்தின் பெறுமதியை முதலாளிமார் கற்பித்தனர் எனவும், அடுத்த தலைமுறையினர் குறைந்த வேலை நேரத்துக்காகப் போராடினர் எனவும் அவர் காட்டுவது சிந்தனைக்குரியது. கற்பித்த பாடம் கற்பித்தவருக்கெதிராகவே திரும்பியது எனலாம்.

இந்நிலையை மாற்றியது முதலாளிமாரின் நல்லெண்ணமன்று. பெண்களினதும் இளையோரினதும் வேலை நேரத்தை வரையறுத்த 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அந்நேரம் பொது மணிக்கூடொன்றினால், அல்லது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துள்ள வேறொரு மணிக்கூட்டினால் ஒழுங்குபடுத்தப்படுதல் வேண்டும் என விதித்தது. தொழிலாளியின் சட்டைப்பைக்குள் கடிகாரம் இருக்கலாமா என்பதைப் பற்றிச் சட்டம் ஏதும் கூறவில்லை. பூட்டிய பெட்டிக்குள் இருந்த நேரத்தை அது வீதிக்குக் கொண்டுவந்தது. பத்து மணித்தியாலச் சட்டத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் இச்சிறு பிரிவைப் போகிறபோக்கிற் கடந்துவிடுவது வியப்பைத் தருகின்றது. அளக்கும் கருவி ஒருவர் கையில் மாத்திரம் இருக்குமாயின், பத்து மணித்தியாலம் என்னும் வரையறைக்கே பொருளில்லாது போகும்.

ஆங்கிலேயர் உருவாக்கிய தோட்டங்களிலும் நேரம் துரைமாரின் உடைமையாகவே இருந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களிற் பகல்வெளிச்சத்தை முழுமையாகப் பயன்படுத்தும் பொருட்டு மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்தள்ளித் 'தோட்ட நேரம்' வகுத்தனர். இலங்கையின் மலையகத்திலோ விடியுமுன் எழுந்த தப்பின் ஓசையும் பிரட்டுக் களத்திற் கணக்கப்பிள்ளை செக்றோலிற் பதிந்த பெயருமே மணிக்கூடாயின. ஒரு நாட்கூலியைப் 'பேர்' எனவும், அரைநாளாகக் குறைக்கப்பட்டதை 'அரைப்பேர்' எனவும் அம்மக்கள் வழங்குவது இவ்வரலாற்றின் எச்சமே.

இருபதாம் நூற்றாண்டிற் கடிகாரம் மலிந்து எல்லோர் கையிலும் ஏறியபோது, முதலாளியின் கையில் நிறுத்தற் கடிகாரம் தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் வோட்டர்ரவுண் அரசாங்கப் படைக்கலச்சாலையில் 1911 ஓகஸ்ட் மாதம் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தமைக்கு அக்கருவியே காரணமாயிற்று. 1915இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அரசாங்கப் படைக்கலச்சாலைகளில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. இங்கு தடைக்குள்ளானது முதலாளியின் கருவி என்பது குறிப்பிடத்தக்கது.

கையடக்கத் தொலைபேசியும் தொடக்கத்தில் மேலோரின் பொருளாகவே இருந்தது. தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில் ஆரம்பமானபோது அதனை வைத்திருந்தோர் பெருவணிகரும் அதிகாரிகளுமேயாவர். அக்காலத்தில் வேலைத்தலத்தில் அதனைத் தடைசெய்ய வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. தொழிலாளியின் பைக்குள் அது புகுந்த பின்னரே விதிகள் தோன்றின.

அவ்விதிகள் யாவும் அடக்குமுறையே எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 2008 செப்ரெம்பர் 12ஆந் திகதி கலிபோர்ணியாவின் சற்ஸ்வேர்த் என்னுமிடத்திற் பயணிகள் புகையிரதமொன்று சரக்குப் புகையிரதத்துடன் மோதியதில் 25 பேர் உயிரிழந்தனர். பயணிகள் புகையிரதத்தின் சாரதி தொலைபேசியிற் குறுஞ்செய்தி பரிமாறிக்கொண்டிருந்தமையாற் சிவப்புச் சமிக்ஞையைக் கவனியாது விட்டமை விசாரணையில் வெளிப்பட்டது. அடுத்த மாதமே புகையிரத ஊழியரின் தொலைபேசிப் பாவனையை அந்நாட்டு மத்திய அரசாங்கம் கட்டுப்படுத்தியது. இத்தகைய தடையை எதிர்க்கும் தொழிலாளி தன் தோழரின் உயிரையே பணயம் வைக்கின்றான். தொழில் இரகசியத்தைக் காரணமாகக் காட்டும் தடை வேறுவகையானது. 2003இல் தென்கொரியாவின் சம்சுங் நிறுவனம் புகைப்படக்கருவி பொருத்திய தொலைபேசிகளைத் தன் தொழிற்சாலைகளுக்குள் கட்டுப்படுத்தியது. அத்தகைய தொலைபேசிகளை உற்பத்தி செய்து உலகெங்கும் விற்றுவந்ததும் அந்நிறுவனமே.

பண்டகசாலைகளின் நிலைமை இவ்விரண்டிலும் அடங்காது. அமேசன் நிறுவனத்தின் பண்டகசாலைகளில் தொழிலாளர் பல ஆண்டுகளாகத் தொலைபேசியை வெளியே வைத்துவிட்டே வேலைக்குச் சென்றனர். உள்ளே அவர்கள் கையில் நிறுவனத்தின் வருடுகருவி இருக்கும். பொருட்களைப் பதியும் அக்கருவியே தொழிலாளி வேலையின்றி நின்ற நிமிடங்களையும் கணக்கிடும். குறோலியின் கண்காணிப்பாளர் ஏட்டிற் செய்ததை அது இடையறாது செய்கின்றது. கலிபோர்ணியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், பண்டகசாலைத் தொழிலாளருக்கு விதிக்கப்படும் வேலையளவை எழுத்தில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது மணிக்கூட்டுக்கு இது நெருங்கிய உறவு எனல் பிழையாகாது.

கொவிட் தொற்றுக் காலத்திற் குடும்பத்தாருடன் தொடர்புகொள்ளும் பொருட்டு அமேசன் அத்தடையைத் தளர்த்தியது. பின்னர் படிப்படியாக மீண்டும் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இவ்வேளையில், 2021 டிசெம்பர் 10ஆந் திகதி இரவு இலினோய் மாநிலத்தின் எட்வேட்ஸ்வில் நகரிலிருந்த அதன் விநியோக நிலையத்தைச் சுழற்காற்று தாக்கியது, அறுவர் உயிரிழந்தனர். அந்நிலையத்திற் தொலைபேசி வைத்திருக்க அனுமதி இருந்தது என நிறுவனம் தெரிவித்தது. ஆயினும், ஏனைய பண்டகசாலைகளின் தொழிலாளர், புயல் எச்சரிக்கை தம் தொலைபேசிக்கு வரும் வேளையில் அது வெளியே காருக்குள் கிடக்குமாயின் தமது கதி யாதென வினவினர்.

2022 ஏப்ரில் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் அந்நிலையம் பற்றிய தன் கண்டறிதல்களை வெளியிட்டது. சட்டமீறலாக எதுவும் சுமத்தப்படவில்லை. குறைகள் மாத்திரம் சுட்டப்பட்டன. புகலிடம் எங்குள்ளது என்பதைத் தொழிலாளருட் சிலர் அறிந்திருக்கவில்லை. ஆபத்து வேளையில் அவர்களை அழைப்பதற்கென வைக்கப்பட்டிருந்த ஒலிபெருக்கி, எடுக்க முடியாதவாறு கம்பிக்கூட்டினுள் பூட்டப்பட்டிருந்தது.