கோபுரத்தின் பங்கு

விமான விபத்தில் விமானியின் தவறு எங்கே முடிகிறது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தவறு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்குச் சிலாங்கூரிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. செரண்டா, ரவாங் பக்கத்துக்குத் தெற்கே எல்மினா தோட்டத்தில் 1977 செப்டம்பர் 27 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 34 பேர் இறந்தனர். ஓடுபாதை கண்ணில் படுமுன்பே விமானி, இறங்கலாம் என்று வகுத்த உயரத்துக்கும் கீழே இறக்கிவிட்டார். அதில் குழப்பமில்லை.

புச்சோங் விபத்து அப்படியல்ல. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார். அந்த ‘டூ’ விமானியின் காதில் எண்ணாக விழவில்லை; நம் ‘கு’ உருபைப் போல, ‘400-க்கு இறங்கு’ என்று விழுந்தது. ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று அவர் திருப்பிச் சொன்னபோது கோபுரம் திருத்தவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர். ஆனால் தரை நெருங்குவதாகக் கருவி அலறியும் விமானக் குழு மேலே ஏற்றவில்லை. ஆக, பழி ஒரு பக்கம் மட்டும் நிற்காது.

நடுவானில் இரண்டு விமானங்கள் மோதும்போது கணக்கு இன்னும் சிக்கல். 1976 செப்டம்பர் 10 அன்று யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் அருகே நடந்த மோதலில் 176 பேர் இறந்தனர். மைக் முன்னால் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவருக்கு மட்டும் ஏழாண்டுச் சிறை. சக ஊழியர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு 1978-ல் வெளியே வந்தார்.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்கி தாத்ரி வயல்களுக்கு மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய சவுதி போயிங்கும் டில்லிக்கு இறங்கிய கஸக் இல்யூஷினும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சவுதிக்கு வேலைக்குப் போன இந்தியர்கள் அதில் ஏராளம். போயிங்குக்கு 14,000 அடி, இல்யூஷினுக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் பிரித்துத்தான் கொடுத்திருந்தார். எதிரே விமானம் வருவதையும் சொல்லியிருந்தார். கஸக் விமானத்தில் கோபுரத்தோடு பேசியவர் வானொலி இயக்குநர். அவர் முன்னால் தனி உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் அந்தக் குழுவுக்குத் தகராறு. 15,000-ல் நிற்க வேண்டிய விமானம் இறங்கிக்கொண்டே போனது.

நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையில் நடந்த விசாரணையில் கஸக் தரப்பு காற்றுக் கொந்தளிப்பைக் காரணம் காட்டியது, எடுபடவில்லை. முதன்மைத் தவறு கஸக் குழுவின் மேல் நின்றது, கட்டுப்பாட்டாளர் விடுவிக்கப்பட்டார். நியாயமான முடிவுதான். ஆனாலும் அன்று டில்லி ராடாரில் விமானம் இருக்கும் இடம்தான் தெரியும், உயரம் தெரியாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. இந்தக் குறைகள் மைக் பிடித்தவருடையவை அல்ல, அவரை உட்கார வைத்தவர்களுடையவை. பிறகு வழிகள் பிரிக்கப்பட்டன, உயரம் காட்டும் ராடார் வந்தது, விமானத்தில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

உட்கார வைத்தவர்களைக் கூண்டில் ஏற்றிய வழக்கு 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் 71 பேர் இறந்த மோதலில் எழுந்தது. சுவிஸ் நிறுவனமான ஸ்கைகைடின் அறையில் இரவில் ஒரே ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காகத் தொலைபேசி இணைப்புகூட நின்றிருந்தது. 2006-ல் கான்ஸ்டான்ஸ் நீதிமன்றம், தன் வானத்தைக் காக்கும் வேலையை முறையான ஒப்பந்தமில்லாமல் அயல்நாட்டு நிறுவனத்திடம் விட்டதற்காக ஜெர்மன் அரசே பொறுப்பு என்றது. அடுத்த ஆண்டு சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைடு ஊழியர் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் மூவர் மேலாளர்கள்.

விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்று சிக்காகோ ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு சொல்கிறது. பொறுப்பை நிறுவ நீதிமன்றம்தான் போக வேண்டும். மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் அரசு வழக்குகள் சட்டம் அரசு ஊழியரின் கவனக்குறைவுக்காக அரசின்மேல் வழக்குப் போட வழிவிடுகிறது. காலக்கெடுதான் பலருக்குத் தெரிவதில்லை: மொன்ட்ரியால் ஒப்பந்தத்தின்படி விமான நிறுவனத்தின் மேல் 2 ஆண்டு, பொதுக் கடமை ஆற்றும் அதிகாரிகளின் மேல், 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 36 மாதம்.